கயலுக்கு, மெழுகுப் பொட்டலத்தோடு

சுவாமிமலை
8.2.2025

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். உனக்குக் கடைசியாகக் கடிதம் எழுதியது நீ சென்னையில் விடுதியில் இருந்தபோது. அப்புறம் போன் வந்தது, பேச்சு குறைந்தது. "சாப்பிட்டாயா" என்று நான் கேட்பேன், "சாப்பிட்டேன்" என்பாய், உடனே போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். அவளுக்குக் கேட்க ஆயிரம் இருக்கிறது.

மேலத்தெருப் பையன் 15ஆம் தேதி டொரண்டோ கிளம்புகிறான். அவனிடம் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்புகிறேன். போய்ச் சேர்ந்ததும் மாண்ட்ரியலுக்கு உனக்குக் கூரியரில் போட்டுவிடுவான். அதில் இருக்கும் வடகம் அம்மாவுடையது. மற்றதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தீபாவளிக்குப் பிறகு நீ வரைந்த படம் எதுவும் வரவில்லை. குறையாகச் சொல்லவில்லை, வேலை இருக்கும். ஞாயிறு தவறாமல் வந்துகொண்டிருந்ததால் சொல்கிறேன். பனியில் கழுத்தளவு புதைந்து நிற்கும் தெருக்குழாய். அது தீயணைப்புக்காரர்களுடையது என்று எழுதியிருந்தாய். எனக்கு முக்காடு போட்ட கிழவி உட்கார்ந்திருப்பதாகத்தான் தெரிந்தது. மேப்பிள் விதை, தும்பியைப்போல இரண்டு இறக்கையோடு. முந்தின வருட மார்கழியில் ஜன்னல் கண்ணாடியில் உறைந்த பனியை வரைந்து அனுப்பினாயே, அதை நம் சிலைப் பட்டறையில் எல்லோருக்கும் காட்டினேன். சாமிக்குப் பின்னால் வளைந்து நிற்கும் திருவாசியில் நாங்கள் போடும் கொடிக்கருக்கு வேலைப்பாடு அப்படியே இருந்தது. உன் சித்தப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "இது எந்தக் கோயில்" என்று கேட்டார். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு பெருமை. உனக்கு நான் அனுப்பிய பதில் ஒரு கட்டைவிரல் பொம்மை.

கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருக்காதே அம்மா. வெளியே போய் எதையாவது பார். குளிர் என்றால் ஜன்னலோரம் நின்றாவது பார்.

அத்தையின் பேத்திக்கு வளைகாப்பு நடந்தது. பட்டறைக் கூரையில் ஓடு மாற்றினோம். மேட்டூர் மூடிவிட்டார்கள், ஆறு வற்றுகிறது, அச்சுக்கு வண்டல் எடுக்க ஆள் சொல்லியிருக்கிறேன். வருகிற செவ்வாய் தைப்பூசம். கூட்டத்தில் அறுபது படியும் ஏற அம்மா பயப்படுகிறாள், ஆனால் ஏறுவாள். இதையெல்லாம் எழுதத்தான் உட்கார்ந்தேன்.

போன வாரம் நீ வீடியோவில் பேசியபோது உனக்கு மதியம். வேலை நாள். உன் பின்னால் கட்டிலும் போர்வையும் தெரிந்தன. அம்மா கவனிக்கவில்லை. நான் எதையும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. அங்கே கம்பெனிகளில் ஆட்களைக் குறைக்கிறார்கள் என்று மேலத்தெரு மாமா சொன்னார். அவருக்கு ஊர்க்கதை பேசாவிட்டால் தலை வெடித்துவிடும். சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, அவ்வளவுதான்.

தாத்தா பட்டறையில் காலை வேலை தொடங்குமுன் சிலையின் அங்கம் ஒவ்வொன்றும் எதைப்போல இருக்க வேண்டும் என்று ஒப்பிப்பாரே, நினைவிருக்கிறதா? முகம் கோழிமுட்டை. புருவம் வேப்பிலை. கண் கயல். மூக்கு எள்ளுப்பூ. உதடு கோவைப்பழம். மோவாய் மாங்கொட்டை. கழுத்து சங்கு. மார்பு பசுவின் முகம். தோளிலிருந்து இறங்கும் கை யானைத் துதிக்கை. விரல் அவரைக்காய். முழங்கால் நண்டு ஓடு. கணைக்கால் சினைமீன். அந்தப் பட்டியலிலிருந்துதான் உனக்குப் பெயர் வைத்தார். முட்டைக்கண்ணோடு பிறந்த குழந்தைக்கு வேறு என்ன வைப்பது என்றார். நாங்கள் அதை வாய்ப்பாடாகக் கேட்டு வளர்ந்தவர்கள். நீ ஒருத்திதான் ஒன்பது வயதில் குறுக்கே கேட்டாய்: "எள்ளுப்பூ எப்படி இருக்கும் தாத்தா?" மறுநாள் வயலிலிருந்து ஒரு பூவைப் பறித்துவந்து பாட்டி மூக்கின்மேல் வைத்துப் பார்த்தாய். பாட்டி தும்மிய தும்மலில் பூ தீச்சட்டியில் விழுந்தது.

கல்லூரியில் படித்தபோது ஒரு நகல் கொண்டுவந்து காட்டினாய். வங்காளத்து ஓவியர் அபனீந்திரநாத் தாகூர் 1914இல் எழுதியது. பசுமுகத்துக்குப் பக்கத்தில் மார்பு, நண்டுக்குப் பக்கத்தில் முழங்கால் என்று படம் போட்டு விளக்கியிருந்தார். உன் முகத்தில் அத்தனை வெளிச்சம். நான் புரட்டிப் பார்த்துவிட்டு, "தாத்தா சும்மா சொன்னதுதானே, இதைப் படிக்க இவ்வளவு செலவா" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

எனக்குத் தெரிந்தது அளவு. தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து, நகத்தால் கீறி, எங்கள் அளவுகோலான ஒடியோலையை எடுத்துவிடுவேன். பெரிய சாமிகளுக்கான உத்தம தசதாளம் என்ற அளவு என்றால் உயரம் 124 பங்கு, அம்மனுக்கு 120. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தவறாது. உன் அண்ணனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஆறு வருடம் மல்லுக்கட்டினேன். இன்று மஸ்கட்டில் ஏசி பழுது பார்க்கிறான். நல்ல பிள்ளை, மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறான். ஓலை அவன் கையில் மடியவே இல்லை. உன்னிடம் ஒருமுறைகூட ஓலையை நீட்டவில்லை. நீயும் பிடிவாதக்காரி, நீட்டாமல் வாங்க மாட்டாய்.

இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சுற்றினேன் போலிருக்கிறது.

2005 ஐப்பசி அடைமழையில் கொல்லைப்பக்கம் வந்த வயல் நண்டைப் பிடித்து வாளியில் போட்டு, இரண்டு நாள் அதன் எதிரே குந்தியிருந்தாய். பட்டறையில் சிந்திக்கிடந்த மெழுகைப் பொறுக்கி ஒரு நண்டு செய்தாய். எலுமிச்சை அளவு. அதை என் பலகைமேல் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாய்.

அப்போது இரண்டரை அடி நடராஜர் ஒன்றுக்கு மெழுகில் உருவம் பிடித்துக்கொண்டிருந்தேன். ஊன்றிய காலின் முழங்கால் சரியாக வரவில்லை. முழங்கால் நண்டு என்று முப்பது வருடம் வாயால் சொன்னவன், ஒரு நண்டு ஓட்டை எடுத்து உற்றுப் பார்த்ததே கிடையாது. அப்பாவின் முழங்காலைப் பார்த்துச் செய்தேன், அவர் தன் அப்பாவின் முழங்காலைப் பார்த்துச் செய்தார். உன் நண்டைக் கையில் எடுத்தேன். ஓடு முன்பக்கம் அகன்று பின்னால் ஒடுங்கியது. நடுவில் லேசான மேடு, இரண்டு பக்கமும் ஆழமில்லாத பள்ளம். பள்ளத்தைக் கட்டைவிரலால் அழுத்தியிருந்தாய். உன் ரேகை அதில் படிந்திருந்தது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழங்காலை முடித்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

மாலையில் பீடத்துக்கு மெழுகு போதவில்லை. நண்டைச் சட்டியில் போட்டேன். கால்கள் முதலில் போயின. ஓடு வெகுநேரம் அடியிலேயே கிடந்தது.

நீ வந்து தேடினாய். மெழுகு விளையாட்டுச் சாமான் இல்லை, பெண்பிள்ளைக்குப் பட்டறையில் என்ன வேலை என்று கத்தினேன். நீ அழவில்லை. அதற்குப் பிறகு மெழுகைத் தொடவும் இல்லை.

அந்த நடராஜரைப் பார்க்க வந்த பெரியவர் ஒருவர் முழங்காலை விரலால் தடவிவிட்டு, "இது உன் அப்பா கை மாதிரி இல்லையே, யாரைப் பார்த்துச் செய்தாய்" என்று கேட்டார். "தானாக வந்தது" என்றேன். இருபது வருடமாக நான் செய்யும் ஒவ்வொரு முழங்காலும் அதுதான். மெழுகை உருக்கி ஊற்றுவதும் அச்சை உடைப்பதும்தானே நம் தொழில், இதற்கு என்ன வருத்தம் என்று எனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் வார்ப்பில் மெழுகு உருகிப் போன இடத்தில் உலோகம் நிறைந்து சாமி வரும். உன் நண்டு போன இடத்தில் பீடத்தின் ஒரு மூலை வந்தது. அம்மாவுக்குக்கூட இது தெரியாது.

2023இல் டெல்லி பாரத் மண்டபத்தின் முன்னால் நம் ஊரில் செய்த நடராஜரை நிறுத்தினார்களே, 27 அடி, 18 டன், அப்போது நீ வாழ்த்து அனுப்பினாய். "அது நம் பட்டறை இல்லை" என்று ஒரு வரி பதில் போட்டேன். வாழ்த்தை வாங்கிக்கொள்ளக்கூடத் தெரியாத மனுஷன் நான். படம் வராததற்கு நானும் ஒரு காரணமோ என்று ராத்திரியில் தோன்றுகிறது. காலையில் தோன்றுவதில்லை.

அண்ணன் அறைக்கு வெள்ளை அடித்திருக்கிறோம். காரணம் ஒன்றுமில்லை, ஆள் கிடைத்தான். அங்கே வடக்கு வெளிச்சம் நன்றாக விழுகிறது.

பொட்டலத்தில் இருப்பது அரைக் கிலோ மெழுகு. தேன்மெழுகு, குங்கிலியம், கடலை எண்ணெய். நம் வீட்டுக் கலவை. விமான நிலையத்தில் கேட்டால் மெழுகு என்று மட்டும் சொல்லும்படி பையனிடம் சொல்லியிருக்கிறேன், அவன் வாயை நம்ப முடியாது. வெயில் காலத்தில் இங்கே இளகிப்போகாமல் இருக்கக் குங்கிலியம் கூட்டுவோம். மாண்ட்ரியலுக்கு என்ன கணக்கு என்று எனக்குத் தெரியவில்லை. ஓர் உருண்டையை ஃபிரிட்ஜில் பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஓர் இரவு வைத்துப் பார்த்தேன், கல்லாகிவிட்டது. அம்மா திட்டினாள். வீட்டுக்குள் ஹீட்டர் இருக்கும் என்கிறாள் அவள். அதனால் எண்ணெய் கொஞ்சம்தான் கூட்டியிருக்கிறேன்.

உள்ளங்கையில் வைத்துப் பிசைந்து பார். ஓரம் வெடித்தால் எண்ணெய் போதவில்லை. விரலில் ஒட்டினால் கூடிவிட்டது. எது என்று எழுது, அடுத்த தடவை சரிசெய்து அனுப்புகிறேன்.

உன்
அப்பா