மடைநூலும் அம்மாவின் நோட்டும்

அன்புள்ள நண்பா,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. படிக்காமல் ஓய்வெடு என்று வீட்டில் கண்டிப்பு. நான் சும்மா இருப்பேனா? சொட்டு மருந்துச் சீட்டை வைத்துக்கொண்டு ஆராய்ச்சியில் இறங்கிவிட்டேன்.

சீட்டின் தலையில், காலில் கோடு வெட்டின 'ஆர்' எழுத்து ஒன்று இருக்குமே, அது 'ரெசிபி' என்ற லத்தீன் சொல்லின் சுருக்கம். 'எடுத்துக்கொள்' என்று அர்த்தம். மருந்து கலப்பவருக்கு வைத்தியர் போட்ட உத்தரவு. ஆங்கிலத்தில் அது அடுக்களைக்குள் நுழைந்தது பிற்பாடுதான். ஜெர்மன்காரர்களுக்கு இன்றும் மருந்துச் சீட்டுக்கும் சமையல் குறிப்புக்கும் ஒரே சொல்.

சரி, சமையல் குறிப்புக்கு நம்மவர்கள் என்ன சொன்னார்கள் என்று தேடினால், மடைநூல்! மடை என்றால் சோறு. கோயில் மடைப்பள்ளியில் இருப்பதும் அதே மடைதான். மணிமேகலையில் நாடகக் கணிகையர் கற்கும் கலைகளின் வரிசையில் 'மடைநூல் செய்தி' வருகிறது. சிறுபாணாற்றுப்படை இன்னும் ருசி. அர்ச்சுனனின் அண்ணன் பீமன் எழுதிய நூலிலிருந்து இம்மியும் பிசகாமல் சமைத்த அடிசிலைப் பாணர்களுக்குப் பரிமாறுகிறார்கள். பெயர் வாங்கியது நளன், நூல் எழுதியது பீமன்! (சமைக்கிறவனுக்கு மடையன் என்றே பெயர். நீ என்னைத் திட்டும் மடையன் மடமையில் பிறந்தவன், அவன் வேறு.)

இப்போது நூல் போய்க் 'குறிப்பு' ஆகிவிட்டது. எனக்கென்னவோ இந்தச் சொல்தான் பிடிக்கிறது. குறிப்புக் காட்டுவது என்றால் பாதியைச் சொல்லி மீதியை எதிராளியிடம் விடுவதுதானே.

அம்மாவின் சமையல் நோட்டை மகள் பெயர்த்து எழுதித் தரச் சொன்னாள். எண்ணெய்க் கறையில் பாதிப் பக்கம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. பின்பக்கத்து எழுத்து முன்னால் தெரிகிறது. அச்சுப் புத்தகத்தில் 'இறக்கவும்' என்று மரியாதையாக இருக்கும். அம்மா எழுதியிருப்பது, "பதம் வந்ததும் இறக்கு." எந்தப் பதம், எத்தனை நிமிஷம், ஒன்றும் கிடையாது. மகள் போனில் கேட்கிறாள், நான் முழிக்கிறேன்.

தங்கச்சிதான் அம்மா பக்கத்தில் நின்று பாகு காய்ச்சியிருக்கிறாள். பதம் என்னவென்று அவளிடம் கேட்டு எழுது. அப்புறம், உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்