தெரிந்த பாட்டாகப் பாடச் சொன்னார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் தஞ்சாவூரில் ஒரு தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிக்கு ஆள் எடுத்தார்கள். என் அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். 13 வயது. என் அம்மா நடவுக்குப் போன காலத்தில் பாடிய பாட்டு ஒன்றை, கிழவி பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்திருந்தாள். இரண்டு வரிதான் பாடியிருப்பாள், கையைக் காட்டி நிறுத்தினார்கள். "நல்லாத்தான் இருக்கும்மா, எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டா ஒண்ணு பாடேன்." குரலில் குறை சொல்லவில்லை. பிள்ளைக்குச் சட்டென்று வேறு பாட்டு வாயில் வரவில்லை. சரி, கிளம்பிவிட்டோம்.

பாபநாசம் பஸ்ஸில் வரும்போது எனக்குப் பழைய ஞாபகம். என் வீட்டுக்காரர் வேலைக்காகச் சுவீடனில் ஐந்து வருடம், கோதென்பர்க் நகரத்தில் இருந்தோம். அங்கே மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை ராத்திரி யூரோவிஷன் என்றால் தெருவே வெறிச்சோடிவிடும். ஐரோப்பிய நாடுகள் தங்களுக்குள் மோதும் பாட்டுப் போட்டி அது, 1956-ல் ஏழு நாடுகளோடு தொடங்கியது. 2016-ல் ஸ்டாக்ஹோமிலேயே நடந்ததால் கேட்கவே வேண்டாம். எங்கள் வீட்டில்தான் கூட்டம்: எதிர்வீட்டுச் சுவீடன் தம்பதி, மாடியில் இருந்த போலந்துப் பெண், யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். நான் மசால்வடை சுட்டேன். ஒன்பது மணிக்கும் வெளியே வெளிச்சமாக இருக்கும் ஊர் அது. பொழுது சாயட்டும் என்று காத்திருந்தால் வடை ஆறிப்போகும்.

அந்தப் போட்டியில் பழைய பாட்டுக்கே இடம் கிடையாது. ஒவ்வொரு நாடும் புதுப்பாட்டு ஒன்றோடு வர வேண்டும், மூன்று நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. அப்புறம், சொந்த நாட்டுக்கு ஓட்டுப் போட முடியாது. எதிர்வீட்டுக்காரருக்கு அதில் மகா வருத்தம். போலந்துப் பெண்ணோ சுவீடன் போனிலிருந்து போலந்துக்கு ஓட்டுப் போட்டுத் தள்ளினாள்! எங்களுக்கும் அக்காவுக்கும் மேடையில் நம் ஆள் என்று யாரும் இல்லை. அதனால் பாட்டை மட்டும் கேட்டோம்.

நடுவர்கள் எல்லாரும் சேர்ந்து போலந்துக்குக் கொடுத்தது 7 புள்ளி. அந்தப் பெண் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மக்கள் ஓட்டைத் தனியாக அறிவிக்கும் முறை அந்த வருடம்தான் வந்தது. அதில் போலந்துக்கு 222! கடைசிக்கு முந்தின இடத்திலிருந்து எட்டாவது இடத்துக்கு ஏறிவிட்டது. அவள் குதித்த குதியில் வடைத் தட்டு கவிழ்ந்ததுதான் எனக்குப் பெரிய நஷ்டம்.

ஆனால் நான் சொல்ல வந்தது ஜமாலா பாடிய பாட்டைப் பற்றி. உக்ரைனுக்காக வந்தவர், கிரிமியத் தாத்தார் இனம். 1944-ல் ஸ்டாலின் ஆட்சி அந்த ஜனங்களை மொத்தமாக ஊரைவிட்டு ஏற்றி அனுப்பியதில் அவருடைய கொள்ளுப்பாட்டியும் ஒருவர். அந்த ஆண்டையே பாட்டுக்குத் தலைப்பாக வைத்திருந்தார். கொள்ளுப்பாட்டி வாயால் கேட்ட நாட்டுப்பாட்டு வரிகளை, அவர்கள் மொழியிலேயே நடுவில் சேர்த்துப் பாடினார். யாழ்ப்பாணத்து அக்கா கையில் எடுத்த வடையைக் கடிக்காமலே வைத்திருந்தார். "சொல் ஒண்டும் விளங்கேல்லை. ஆனா விளங்குது" என்றார். நடுவர்களிடம் ஆஸ்திரேலியா முதலிடம் (அது எப்படி ஐரோப்பாவுக்குள் வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்), மக்களிடம் ரஷ்யா முதலிடம். இரண்டிலும் இரண்டாவதாக வந்த ஜமாலா, கூட்டிப் பார்த்தபோது 534 புள்ளியோடு ஜெயித்துவிட்டார்.

நம் போட்டிகளில், நான் பார்த்த வரையில், பிள்ளைகள் திரும்பத் திரும்பப் பாடுவது சினிமாப் பாட்டைத்தான். அதைக் குறை சொல்லவில்லை. நானும் ரசித்துப் பார்க்கிறவள்தான். ஒரு பருவத்துக்கு ஒரு வாரமாவது புதுப்பாட்டும் ஊர்ப்பாட்டும் என்று ஒதுக்கலாமே? எழுதியவர் பெயரையோ, பாடிக் காத்த கிழவியின் பெயரையோ திரையில் போடலாமே? தெரியாத பாட்டென்றால் ஜனங்கள் சேனலை மாற்றிவிடுவார்கள் என்கிறார்கள். திருவையாற்றில் இன்று அத்தனை பேர் கூடி உட்கார்ந்து பாடும் பஞ்சரத்தினமும் ஒரு நாள் யாருக்கும் தெரியாத பாட்டாகத்தானே இருந்தது? அம்மாவின் பாட்டுக்கு வயலிலும் இடமில்லை. எங்கள் பங்காளிகள் எல்லாரும் நடவு மெஷினுக்கு மாறிவிட்டார்கள். அந்தச் சத்தத்தில் யார் பாடுவது?

அடுத்த மாதம் கும்பகோணத்தில் மறுபடியும் தேர்வு வைக்கிறார்களாம். பிள்ளை ஒரு சினிமாப் பாட்டைப் பழகிக்கொண்டிருக்கிறாள். எந்த இடத்தில் மூச்சு விட வேண்டும் என்று நேற்று என் அம்மாவிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்