திரும்பி வரும் காற்றைப் பார்த்துவிட்டுப் பாய் விரியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தொண்டி, நம்புதாளை, மோர்ப்பண்ணை பக்கம் நடக்கிற பாய்மரப் படகுப் போட்டிப் படங்களை நீங்கள் பெரிதாகப் போடுவதில் கரையில் இருக்கிற எங்களுக்கெல்லாம் சந்தோஷம். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டோ என்னவோ, நாமும் ஒரு சின்னப் பாய்மரப் படகு வாங்கி ஓட்டிப் பார்க்கலாம் என்று கிளம்புகிற இளைஞர்கள் இப்போது எங்கள் பக்கம் கண்ணில் படுகிறார்கள். பழைய வத்தையை, அதாவது சின்ன நாட்டுப்படகை, தேற்றி எடுப்பவர்களும் உண்டு, 12 அடி, 14 அடி ஃபைபர் படகை வண்டியில் ஏற்றி வந்து இறக்குகிறவர்களும் உண்டு. எஞ்சின் வந்த பிறகு பாய் கட்டத் தெரிந்த ஆட்கள் குறைந்துபோன கரை இது, அதனால் இவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு நிறைகிறது. ஆனால் வந்ததும் கேட்பது ‘எவ்வளவு தூரம் போகலாம்?’ என்றுதான். எப்படித் திரும்பி வருவது என்று கேட்கிறவரை அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். முதல் ஓட்டத்துக்குப் படகைத் தயார் செய்கிறவர் முதலில் யோசிக்க வேண்டியது அதைத்தான், அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துக்குக் கடல் இரண்டு. பாம்பன்காரர்கள் வடகடல் என்று சொல்வது பாக் விரிகுடாவை, தென்கடல் என்று சொல்வது மன்னார் வளைகுடாவை. ஐப்பசிக்கு மேல் வாடை என்கிற வடகிழக்குக் காற்று அடித்தால் வடகடல் பொங்கும், தென்கடல் ஓரளவு அடங்கும். ஆனி, ஆடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று பிடித்துவிட்டால் தென்கடல் முரடாகிவிடும், வடகடல் கரையோரம் குளம் மாதிரி கிடக்கும். புதிதாக வருகிறவர்கள் ஏமாறுவது அந்தக் குளத்தைப் பார்த்துத்தான். ஆடி மாதம் தேவிபட்டினத்திலோ அரியமானிலோ கரையில் நின்று பார்த்தால் அலையே இருக்காது, ஏனென்றால் காற்று நிலத்திலிருந்து கடலுக்குள் அடிக்கிறது, அலையைக் கிளப்ப அதற்கு இன்னும் தூரம் கிடைக்கவில்லை. பாயை ஏற்றியதும் படகு சொகுசாக வெளியே ஓடும், ஒன்றிரண்டு மைல் போன பிறகு அலை தட்ட ஆரம்பிக்கும், சரி திரும்பலாம் என்று பார்த்தால் காற்று நேராக முகத்தில். காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாயும் ஓடாது. சுமார் 45 டிகிரி ஒதுங்கி, ஒருமுறை இந்தப் பக்கம் ஒருமுறை அந்தப் பக்கம் என்று வெட்டி வெட்டித்தான் வர முடியும், பழகாத கைக்குப் போன நேரத்தைப்போலப் பல மடங்கு ஆகும். இடையில் சுக்கான் கழன்றாலோ பாய் கிழிந்தாலோ அந்தக் காற்று படகைத் தள்ளிக்கொண்டு போகிற திசையில்தான் சர்வதேச எல்லைக் கோடு இருக்கிறது. தொழிலுக்குப் போகிறவர்களே அந்த எல்லையில் படுகிற பாடு உங்கள் பத்திரிகையில் வந்துகொண்டே இருக்கிறது, அங்கே ஒரு பையன் உடைந்த சுக்கானோடு மிதக்க வேண்டாம்.

அதனால் என் யோசனை இது. வாடை ஓய்ந்து கச்சான் பிடிப்பதற்கு முன்னால் மாசி, பங்குனியில் ஓர் இடைவெளி கிடைக்கும், முதல் ஓட்டத்தை அப்போது வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதங்களில் அதிகாலையில் லேசான நிலக்காற்று, வெயில் ஏறியதும் கடற்காற்று கிளம்பிக் கரையை நோக்கி அடிக்கும். கடற்காற்று நிலைத்த பிறகு கிளம்பி, முதல் பாதியைக் காற்றுக்கு எதிராக வெட்டிப் போங்கள். முடியவில்லை என்றால் விட்டுவிட்டுத் திரும்பலாம், காற்றே கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். சாயங்காலம் வரை இழுக்கக் கூடாது, கரையை விட்டுக் கண்ணுக்கு எட்டாத தூரம் போகவும் கூடாது. கடலில் அங்கங்கே வெள்ளை நுரை தெரிகிற நாளில் கிளம்பவே வேண்டாம்.

படகைப் பார்க்கிற வேலையைக் கரையிலேயே நிதானமாக முடித்துவிடுங்கள். பாய்த்துணி பளபளப்பாக இருக்கிறது என்று நம்பிவிடாமல் தையலைப் பாருங்கள், வெயிலில் கிடந்த பாயில் துணிக்கு முன்னால் நூல்தான் சாகும். கட்டைவிரல் நகத்தால் தையலை அழுத்திச் சுரண்டினால் நல்ல நூல் அசையாது, செத்த நூல் பஞ்சாகப் பிரிந்து வரும். அப்படி வந்தால் அந்தப் பாயை மறுபடி தைக்காமல் ஏற்றக் கூடாது. பாய்மரத்தைத் தாங்குகிற கம்பி வடத்தை ஒரு பழைய பருத்தித் துணியால் சுற்றிப் பிடித்து மேலிருந்து கீழே உருவுங்கள், எங்கேயாவது துணி மாட்டினால் அந்த இடத்தில் இழை அறுந்திருக்கிறது, கம்பியை மாற்ற வேண்டும். உப்புக்காற்றில் கம்பிக்கு முடிவு பெரும்பாலும் மேல் முனையிலும் கீழ் முனையிலும்தான் வரும், அங்கே கூடுதலாகப் பாருங்கள். சுக்கான் மாட்டுகிற ஆணிகள், அது தெறித்துப் போகாமல் பிடிக்கிற சின்னக் கயிறு, தண்ணீர் வடிகிற துளையின் அடைப்பான், இதெல்லாம் ஐந்து நிமிஷ வேலை. பாயை இழுத்துப் பிடிக்கிற தாமான் கயிற்றைச் சின்னப் படகில் எப்போதும் கையில்தான் வைத்திருக்க வேண்டும், கட்டிப்போட்டால் ஒரு முரட்டுக் காற்றுக்குப் படகு கவிழ்ந்துவிடும்.

கவிழ்வதைப் பற்றிப் பேசவே பலருக்குப் பிடிப்பதில்லை, ஆனால் அதைத்தான் முதலில் செய்து பார்க்கச் சொல்வேன். கழுத்தளவு தண்ணீரில், அலையில்லாத இடத்தில், கரையில் நான்கு பேர் நிற்கும்போது, எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு படகை வேண்டுமென்றே சாய்த்துப் படுக்க வையுங்கள். பாய்மர உச்சியில் மூடியை இறுக்கிய 5 லிட்டர் காலி கேனைக் கட்டிவிட்டால் படகு முழுசாகத் தலைகீழாகப் புரண்டு மரம் சேற்றில் குத்தாது. படகுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையில் ஏறி நின்று விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தால் படகு எழுந்திருக்க வேண்டும். எழுந்த பிறகு உள்ளே நிற்கிற தண்ணீரைப் பாருங்கள், விளிம்பு தண்ணீருக்கு மேலே நின்றால் வாளியால் இறைத்துவிடலாம், மூழ்கிப் போகிறது என்றால் மிதவைக் காற்றுப்பை போதவில்லை, அந்தப் படகில் போகக் கூடாது. வாளியைக் கயிறு போட்டுப் படகோடு கட்டி வையுங்கள். துணைக்கு வருகிறவரும் இதை ஒருமுறை தன் கையால் செய்யட்டும், பார்த்துக்கொண்டு நின்றால் போதாது.

நங்கூரத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல், பெரும்பாலும் 15 மீட்டருக்குள்தான், அதனால் எது பழுதானாலும் நங்கூரத்தைப் போட்டு நின்ற இடத்திலேயே நிற்கலாம், எல்லைப் பக்கம் ஒதுங்குவதைத் தடுக்கிற முதல் சாதனம் அதுதான். ஆழத்தைப்போல் ஐந்து மடங்குக்குக் குறையாமல் கயிறு விட வேண்டும், 5 மீட்டர் தண்ணீருக்கு 25 மீட்டராவது வேண்டும், நங்கூரத்தை ஒட்டிக் கொஞ்சம் சங்கிலியும் இருந்தால் நன்றாகப் பிடிக்கும். பவளப்பாறை மேல் மட்டும் போடாதீர்கள்.

வழியில் இருப்பவர்களையும் பாருங்கள். மண்டபம், பாம்பன், தொண்டி கரையோரத்தில் கடல்பாசி வளர்க்கிற மூங்கில் தெப்பங்கள் மிதக்கின்றன, பல குடும்பங்களின், குறிப்பாகப் பெண்களின் வருமானம் அதில்தான். நண்டு வலை மிதவைகளும் கொடிகளும் தெரிந்தால் தள்ளிப் போங்கள், சுக்கானில் வலை சிக்கினால் உங்களுக்கும் ஆபத்து, வலைக்காரருக்கும் நஷ்டம். தென்கடலில் 1986-லேயே தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகள் உண்டு, வனத்துறை அனுமதி இல்லாமல் எந்தத் தீவிலும் இறங்கக் கூடாது. பாம்பன் பாலத்துக்கு அடியில் நீரோட்டம் பலமாக இருக்கும், முதல் ஓட்டத்துக்கு அந்தப் பக்கமே வேண்டாம். எந்தப் பக்கம் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டு, போனைத் தண்ணீர் புகாத உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, கடலோரக் காவல்படைக்கு 1554. அப்புறம், அந்த ஊர் மீனவரிடம் அன்று காலையில் ஒரு வார்த்தை கேளுங்கள். ‘இன்னைக்கு வேண்டாம் தம்பி’ என்று அவர் சொன்னால் படகைக் கரையேற்றிவிடுங்கள்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் முதல் பக்கத்தில் போடுகிறீர்கள், நன்றி. ஆனால் கூண்டு ஏற்றாத நாட்களிலும் கடலில் ஆட்கள் இருக்கிறார்கள். ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் மையம் தினமும் வெளியிடுகிற காற்றின் திசை, வேகம், அலை உயரத்தை ராமநாதபுரம் பதிப்பில் வடகடலுக்குத் தனியாக, தென்கடலுக்குத் தனியாக ஒரு சின்னக் கட்டத்தில் போட முடியுமா? மாவட்டம் முழுமைக்கும் ஒரே வரியில் ‘கடல் சீற்றம்’ என்று போட்டால் ஒரு கடல்காரருக்கு அது தப்பாகத்தான் போய்ச் சேரும். நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர்களுக்கும் அது உதவும், புதிதாகப் பாய் விரிக்கிற பிள்ளைகளுக்கும் உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தேவிபட்டினம், ராமநாதபுரம் மாவட்டம்.