செயலாளரின் ஆண்டறிக்கை: மெரினா கலங்கரை விளக்கமும் நம் வழிகாட்டிப் பணியும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கலங்கரை விளக்கத்தின் ஒன்பதாம் தளத்துக்கு ஏறி வருபவர்களில் பலர் கடலைப் பார்த்துப் படம் எடுத்ததும் இறங்கிவிடுகிறார்கள். எங்கே, எந்த நேரத்தில், எதைப் பார்ப்பது என்று சொல்ல ஆள் இருந்தால் அவர்களே நெடுநேரம் நின்று பார்ப்பார்கள். இவ்வாண்டுப் பணி முழுவதும் அதைச் சுற்றியே அமைந்தது.

வழிகாட்டிகள் தங்கள் விளக்கவுரையைத் தரையிலேயே தொடங்கும் முறை நல்ல பலன் தந்தது. லிஃப்ட்டில் பெரிய குழு ஒரே தடவையில் ஏற முடியாது. அந்தக் காத்திருப்பில் வரலாற்றைச் சொல்லிவிடலாம்: 1796இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள், இன்று அருங்காட்சியகம் இருக்கும் கட்டடத்தின் உச்சியில் எரிந்த எண்ணெய் விளக்கு, 1844இல் ஏற்றப்பட்டு, உயர் நீதிமன்ற வளாகத்தில் இன்றும் நிற்கும் கல்தூண், 1894இல் உயர் நீதிமன்றக் கோபுரத்துக்கு மாறிய ஒளி, 1977 முதல் மெரினா. விளக்கு அணைந்து அணைந்து எரிவதாகக் குழந்தைகள் நினைக்கிறார்கள். உண்மையில் அது விடாமல் எரிகிறது. சுழலும் லென்ஸ்தான் ஒளியைக் கற்றையாக வீசுகிறது. 10 விநாடிக்கு இரண்டு வீச்சு என்பது சென்னையின் அடையாளம். அதை எண்ணித்தான் மாலுமி இது எந்த ஊர் விளக்கு என்று அறிகிறார்.

மேலே போனதும் காலையில் மேற்கு, மாலையில் கிழக்கு என்ற வரிசையை அனைவரும் கடைப்பிடிக்க வேண்டுகிறேன். காலை வெயில் மயிலாப்பூர் பக்கம் விழுவதால் கபாலீசுவரர் கோயில் கோபுரம் தெளிவாகத் தெரியும். அப்போது கடல் பக்கம் கண் கூசும். மாலையில் இது அப்படியே மாறும். தெற்கே சாந்தோம் தேவாலயத்தின் 155 அடிக் கோபுரம் கண்மட்டத்துக்கே வந்துவிடும். வடக்கே ஐஸ் ஹவுஸ் (விவேகானந்தர் இல்லம்), சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ், துறைமுகம் என அருகிலிருந்து தொலைவுக்குப் போக வேண்டும். தொலைவிலிருந்து தொடங்கினால் பார்ப்பவருக்குப் பிடி கிடைப்பதில்லை. கடல்மட்டத்திலிருந்து 40 மீட்டர் உயரத்தில் தொடுவானம் ஏறத்தாழ 23 கிலோமீட்டர். மணலில் நிற்பவருக்கு 5 கிலோமீட்டர் கூட இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடிக்கிறது. தை மாதக் காலைப் பனிமூட்டத்தில் குழுக்களை அழைத்து வர வேண்டாம். மழை விட்ட மறுநாள் மிக நன்று.

தொலைநோக்கிகள்: 10 மடங்குக் கருவி காற்றில் கை ஆடும்போது பயன்படாது, 7 அல்லது 8 மடங்கே போதும். லென்ஸில் உப்புப் படலம் படிந்ததும் உலர்ந்த துணியால் துடைக்கும் பழக்கத்தை உடனே நிறுத்த வேண்டும். உப்புத்துகள் பூச்சைக் கீறிவிடும். முதலில் ரப்பர் பம்பால் ஊதி, பிறகு காய்ச்சி வடித்த நீரில் நனைத்த மென்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

எந்தத் திசையில் எந்த இடம் தெரிகிறது என்று பெயர் குறித்துக் காட்டும் திசைகாட்டும் பலகையை எதில் செய்வது என்பது பற்றித்தான் இன்று முடிவெடுக்க வேண்டும். அக்ரிலிக் மலிவு, ஆனால் வெயிலில் அச்சு வெளுக்கும், துடைக்கத் துடைக்க மங்கும். அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். எவர்சில்வர் துருப்பிடிக்காது என்று நம்பி 304 ரகத்தை வாங்கினால் கடற்காற்றில் பழுப்புப் புள்ளிகள் வந்துவிடும். மாலிப்டினம் என்ற உலோகம் கலந்த 316 ரகம் தாங்கும். அதையும் நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவ வேண்டும். எழுத்துகளைச் செதுக்கிய கருங்கல்லையே நான் பரிந்துரைக்கிறேன். எடை அதிகம் என்பதால் மேல்தளத்தில் வைக்கும்முன் பொறியாளரின் ஒப்புதலும் நிர்வாகத்தின் அனுமதியும் எழுத்தில் வேண்டும். தரைத்தளத்தில் வைத்தால் எடை ஒரு பிரச்சினையே இல்லை, ஆனால் காட்சிக்கு எதிரே இல்லாத பலகையால் பயன் குறைவு.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வைப்பார். பலகையின் வரைபடம் மேசையில் இருக்கிறது. இடப்பெயர்களில் திருத்தம் இருந்தால் கூட்டம் முடிவதற்குள் எழுதிக் கொடுங்கள்.