வெண்பனி அளவைப் பயிற்சிக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

வணக்கம். ஆர்க்டிக்கில் வெண்பனியின் ஆழத்தையும் அடர்த்தியையும் அளக்கும் முறையைப் பழகக் கல்லடியில் நடந்த பயிற்சி நல்லபடி முடிந்தது. பெயர் போட வேண்டாம் என்று உதவியவர்களே கேட்டுக்கொண்டதால், வேலையைச் சொல்லி நன்றி சொல்கிறோம்.

முதல் நன்றி லேத் பட்டறை அண்ணனுக்கு. 5 × 5 × 4 சென்ரிமீற்றர் அளவில், 100 கன சென்ரிமீற்றர் கொள்ளும் பனிவெட்டிகளை (பனியை வெட்டி எடுத்து நிறுக்கும் பெட்டிகள்) எவர்சில்வர் தகட்டில் செய்து தந்தார். வாய் விளிம்பு உட்புறம் நேர், வெளிப்புறம் சரிவு. மாறித் தீட்டினால் பனி உள்ளே நெரிந்து நிறை கூடிக் காட்டும். வெட்டிக்குள் 32 கிராம் இருந்தால் அடர்த்தி கன மீற்றருக்கு 320 கிலோ. 40 சென்ரிமீற்றர் பனி முழுக்க அதே அடர்த்தி என்றால், உருகினால் 128 மில்லிமீற்றர் தண்ணீர். மாரிமழையை அளக்கிற அதே கணக்குத்தான். ஆனால் ஆர்க்டிக் பனி ஒரே சீராக இருப்பது அரிது. மேலே காற்று இறுக்கிய படை, அடியில் சீனி மாதிரி உதிரும் பருமணிப் பனி. அதனால்தான் குழி வெட்டி, படைபடையாக நிறுக்கிறார்கள்.

வாழைச்சேனையிலிருந்து மீன் ஐஸ் அனுப்பிய தம்பிமாருக்கும் நன்றி. அரைத்த ஐஸ் வெண்பனி ஆகாது, பாரமும் கூட; கை பழக அது போதும். சூடான வெட்டியில் ஐஸ் உருகி ஒட்டும் என்பதால் முதலில் வெட்டியையே ஐஸுக்குள் புதைத்தோம். ஆர்க்டிக்கிலும் கூடாரத்திலிருந்து எடுத்த கருவியை நிழலில் குளிரவிட்டுத்தான் தொடுவார்கள். குழிச் சுவரிலும் வெயில் படக்கூடாது.

பனியில் குத்தி ஆழம் பார்க்கும் கோல்களைச் சீவித் தந்த தச்சு ஆசாரிக்கும் கடன்பட்டிருக்கிறோம். ஆர்க்டிக் கடல் பனிக்கட்டிமேல் மிதந்த சோவியத் ஆய்வு நிலையங்களில் 1954 முதல் 1991 வரை 500 அல்லது 1000 மீற்றர் கோட்டில் 10 மீற்றருக்கு ஒரு தடவை ஆழம் பார்த்தார்கள். தரையில் அளக்கும்போது, துந்திரா எனும் மரமில்லாக் குளிர்நிலத்தின் பாசிக்குள் கோல் இறங்கினால் ஆழம் கூடிக் காட்டும். இடையில் பனிக்கட்டிப் படை தடுத்தால் குறைத்துக் காட்டும்.

அம்பாறை நெல் ஆலையார் தந்த உமிதான் பலரையும் நிற்க வைத்தது. உமிக்குள் புதைத்த ஐஸ் கட்டி கிடந்தது, வெளியில் வைத்தது கரைந்தது. கடல் பனிக்கட்டிமேல் விழும் வெண்பனியும் இப்படித்தான் வெப்பத்தை மறிக்கிறது: கடலின் வெப்பம் குளிர்காற்றுக்கு எளிதில் போகாது, அதனால் கட்டி மெதுவாகவே தடிக்கும். 2019–2020இல் போலார்ஷ்டெர்ன் என்ற ஜெர்மன் ஆய்வுக் கப்பலைப் பனிப்பாளத்தோடு மிதக்கவிட்ட மொசாயிக் எனும் ஆர்க்டிக் ஆய்வுப் பயணத்திலும் வெண்பனி அளவை முக்கிய வேலை.

வெட்டிகளைப் பாடசாலைகள் கேட்டால் தருவோம். பாவித்தபின் ஈரம் துடைத்துத் தாருங்கள். விளிம்பு கீழே படும்படி தரையில் வைக்க வேண்டாம்.

பயிற்சிக் குழுவினர்
மட்டக்களப்பு