‘நெப்ராஸ்கா’ அரைகுறைப் பதிவு அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘நெப்ராஸ்கா’ இசைத்தொகுப்பைப் பற்றித் தங்கள் சென்ற இதழில் வெளியான கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். 1982இல் வந்த ஒரு தொகுப்பை இன்றைய வாசகர்களுக்கு இத்தனை விரிவாக அறிமுகப்படுத்தியதற்கு என் நன்றி. ஆனால், அதை ‘முழுமை பெறாத மாதிரிப் பதிவு’ என்று கட்டுரையாளர் வகைப்படுத்தியிருப்பதையும், அதே பாடல்கள் இசைக்குழுவோடு பதிவான வடிவம் 2025இல் வெளிவந்துவிட்டதால் புதிதாகக் கேட்பவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம் என்று பரிந்துரைத்திருப்பதையும் என்னால் ஏற்க இயலவில்லை. மாதிரிப் பதிவாகத் தொடங்கியது என்பது சரி. அப்படியே நின்றுபோனது என்பது சரியல்ல.

வசதிக் குறைவால் வீட்டில் பாடிப் பதிவு செய்தவர் அல்லர் ஸ்பிரிங்ஸ்டீன். 1980இல் வெளியான ‘தி ரிவர்’ என்ற இரட்டை இசைத்தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்திருந்தது; அதையொட்டிய நீண்ட கச்சேரிப் பயணம் 1981 செப்டம்பரில்தான் முடிந்திருந்தது. எந்த ஸ்டுடியோவையும் எத்தனை மாதங்களுக்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக்கூடிய நிலையில் இருந்தவர், 1982 ஜனவரித் தொடக்கத்தில், நியூ ஜெர்சி மாநிலம் கோல்ட்ஸ் நெக்கில் வாடகைக்கு இருந்த வீட்டின் படுக்கையறையில், டியாக் நிறுவனத்தின் நான்கு தடக் கேசட் கருவியை வைத்துக்கொண்டு இப்பாடல்களைப் பாடினார். கடைகளில் கிடைக்கும் சாதாரண கேசட்டில் ஓடும் கருவி அது. இரண்டு தடங்களில் குரலும் கிட்டாரும் போக, மீதி இரண்டில்தான் ஹார்மோனிகாவோ இன்னொரு குரலோ வேறொரு சிறு வாத்தியமோ இடம்பெற முடியும். அந்த நான்கையும் எக்கோபிளெக்ஸ் என்ற எதிரொலிக் கருவியின் வழியாக ஒரு பழைய பானாசோனிக் டேப் ரெக்கார்டரில் ஒன்றாகக் கலந்தார்கள். அந்தக் கேசட்டை உறைகூட இல்லாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாரக்கணக்கில் திரிந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இதற்குப் பிறகு நடந்தவைதாம் கட்டுரையில் போதிய அழுத்தம் பெறவில்லை. அந்தக் கேசட்டை முன்வைத்து, இ ஸ்ட்ரீட் பேண்ட் என்ற அவருடைய குழு நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் ஸ்டுடியோவில் இப்பாடல்களை வாசித்துப் பதிவு செய்தது. அக்காலத்தில் அமெரிக்காவிலேயே தலைசிறந்த ராக் குழுக்களுள் ஒன்று அது. அவர்கள் வாசித்ததைக் கேட்ட பிறகுதான், கையில் இருக்கும் கேசட்டையே வெளியிடுவது என்று அவர் முடிவெடுத்தார். முழுமையான வடிவம் கைக்கு எட்டாமல் போய் மாதிரியை வெளியிட்ட கதை அன்று இது. இரண்டையும் அருகருகே வைத்துக் கேட்டுவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்த கதை. அந்த முடிவைச் செயலாக்குவதும் எளிதாக இருக்கவில்லை. கேசட்டில் இருந்த ஒலியை இசைத்தட்டுக்கு மாற்றும்போது, தட்டில் ஒலிப் பள்ளங்களை வெட்டும் ஊசி ஒத்துழைக்க மறுத்தது. ஒலிப்பொறியாளர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் முயன்று பார்த்தார்கள். கேசட்டாக மட்டும் வெளியிட்டுவிடலாமா என்ற பேச்சுகூட எழுந்தது. ஒலியளவைத் தாழ்த்தி வெட்டிய பிறகே தட்டு உருவானது. சோம்பலாலோ அவசரத்தாலோ வெளிவந்த பதிவுக்காக யாரும் இத்தனை பாடுபடமாட்டார்கள்.

அவர் ஏன் அதைத் தேர்ந்தெடுத்தார் என்பதற்குப் பாடல்களிலேயே விடை இருக்கிறது. ‘ஹைவே பேட்ரோல்மேன்’ பாடலில் பேசுபவர் ஜோ ராபர்ட்ஸ் என்ற நெடுஞ்சாலைக் காவலர். அவருடைய தம்பி ஃபிராங்கி ஒரு மதுக்கடைச் சண்டையில் ஓர் இளைஞனைப் படுகாயப்படுத்திவிட்டுக் காரில் தப்புகிறான். அண்ணன் இரவில் துரத்திச் செல்கிறார். கனடா எல்லைக்கு ஐந்து மைல் என்று பலகை காட்டும் இடம் வந்ததும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, தம்பியுடைய காரின் பின்விளக்குகள் மறைவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கடமை தவறிய காவலர் ஒருவர், யாரிடமும் சொல்லக் கூடாத ஒன்றைத் தாழ்ந்த குரலில் சொல்வதாக அமைந்த பாடல் இது. பின்னால் டிரம்ஸும் பியானோவும் சேர்ந்தால் அந்த வாக்குமூலம் ஓர் அரங்கத்தின் முன்னால் நிகழ்ந்ததாகிவிடும். ‘யூஸ்டு கார்ஸ்’ பாடலில், பழைய கார் வாங்கப் போன தந்தையின் கைகளை விற்பனையாளர் உற்றுப் பார்ப்பதை ஒரு சிறுவன் கவனிக்கிறான். உழைத்துக் காய்த்த கைகளைப் பார்த்தே பணம் தேறாது என்று கணக்கிடும் அந்தப் பார்வையை, அதைக் கண்டு குன்றிப்போகும் பிள்ளையின் பக்கத்திலிருந்து சொல்ல இந்த ஒற்றைக் குரலே சரி. ‘ஜானி 99’ வேலையிழந்த ஒருவனைப் பற்றியது. அதில் மூடப்படும், நியூ ஜெர்சியின் மாவா என்ற ஊரிலிருந்த கார் தொழிற்சாலை, ஃபோர்டு நிறுவனம் 1980இல் உண்மையாகவே மூடிய ஆலை. ‘ஸ்டேட் ட்ரூப்பர்’ பாடலின் முடிவில் திடீரென எழும் ஊளையை, சுற்றிலும் வேறு ஓசையே இல்லாததால்தான் நம்மால் அப்படித் திடுக்கிட்டுக் கேட்க முடிகிறது.

கட்டுரையாளரின் பரிந்துரையில் இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. 2025இல் வெளியான குழு வடிவத்தில், மேலே நான் சொன்ன ‘ஹைவே பேட்ரோல்மேன்’, ‘யூஸ்டு கார்ஸ்’, ‘ஸ்டேட் ட்ரூப்பர்’ ஆகிய மூன்றும் இல்லை. ‘மை ஃபாதர்ஸ் ஹவுஸும்’ இல்லை. பத்துப் பாடல்களில் நான்கை விட்டுவிட்ட ஒன்றை முழுமையான வடிவம் என்று எப்படி அழைப்பது? அந்தப் பதிவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ‘அட்லாண்டிக் சிட்டி’யை இரண்டு வடிவங்களிலும் அடுத்தடுத்துக் கேட்பவர்களுக்குக் கிடைக்கும் பாடம் பெரிது. எனினும், மூலத்தைக் கேட்டு முடித்த பிறகே அந்த ஒப்பீட்டுக்குப் பொருள் உண்டு.

எளிமையாகப் பாடினால் போதும் என்று அவர் கொள்கையாக முடிவெடுத்துவிட்டார் என்றும் எண்ண வேண்டியதில்லை. ‘பார்ன் இன் தி யுஎஸ்ஏ’ பாடலும் முதலில் இதே கேசட்டில் கிட்டாரோடு மட்டுமே பதிவானது. அதைக் குழு வாசித்தபோது பாடல் புத்துயிர் பெற்றதை உணர்ந்து, தனியே எடுத்து வைத்து, 1984இல் அப்பெயரிலேயே வந்த தொகுப்பின் முதற்பாடலாக்கினார். எந்தப் பாடலுக்குக் குழு வேண்டும், எதற்கு வேண்டாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பிரித்திருக்கிறார். ஒரு பாடலாசிரியரிடம் நான் பெரிதும் மதிப்பது அந்தச் செவியைத்தான். கச்சேரிப் பயணம் எதுவும் இல்லாமலே ‘நெப்ராஸ்கா’ அமெரிக்கப் பட்டியலில் மூன்றாம் இடம்வரை சென்றது என்பதையும், அதன் இரண்டு பாடல்களைப் புகழ்பெற்ற கன்ட்ரி இசைப் பாடகர் ஜானி கேஷ் மறு ஆண்டே தம் குரலில் பதிவு செய்தார் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம்.

இரண்டு வடிவங்களின் பாடல் பட்டியலையும் அடுத்த இதழில் அருகருகே வெளியிட்டு, புதிய வாசகர்கள் 1982ஆம் ஆண்டுப் பதிவிலிருந்து தொடங்குமாறு ஒரு சிறு குறிப்பு சேர்க்க வேண்டுகிறேன். இடம் இருந்தால், கேசட்டிலிருந்து இசைத்தட்டு வெட்டுவதில் உள்ள சிக்கல்களைப் பற்றி அத்தொழில் அறிந்த ஒலிப்பொறியாளர் ஒருவரைக் கொண்டு தனிக் கட்டுரை எழுதச் செய்வதும் பயனுள்ளதாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்