கூரை வேலை நடந்த மாதங்களில் இடம் தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே,

கொட்டாஞ்சேனையில் எங்கள் அங்கிலிக்கன் ஆலயத்தின் கூரை வேலை ஒருவழியாக முடிந்துவிட்டது. மரங்களைக் கறையான் தின்றுவிட்டதைப் பார்த்த பொறியியலாளர், "இதுக்குக் கீழ ஆக்களை இருத்தாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து போன மாதம் வரை எங்கள் தமிழ்ச் சபை கலையாமல் இருந்தது உங்களால்தான். நேரில் சொல்ல வந்தால் பாதிப் பேர், "இதுக்கெல்லாம் நன்றியா?" என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறோம்.

முதல் நன்றி பக்கத்து மெதடிஸ்த ஆலயத்தின் சிங்களச் சபையாருக்கு. உங்கள் ஆலயத்தில் ஞாயிறு முழுக்க ஆராதனை. எங்களுக்கு இடம் வேண்டுமென்றால் யாராவது நகர வேண்டும். நீங்கள் நகர்ந்தீர்கள். ஒன்பது மணி ஆராதனையை எட்டு மணிக்கு மாற்றினீர்கள். கேட்கச் சின்ன விஷயம்போல் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வத்தளையிலிருந்து பஸ் பிடித்து வரும் எழுபது வயதுக்காரரிடம் கேட்டால்தான் தெரியும். திருவிருந்து நாளில் ஆராதனை நீண்டுவிட்டால், வெளியே காத்திருக்கும் எங்கள் முதியவர்களுக்கு விறாந்தையில் கதிரை போட்டு, உங்கள் தேத்தண்ணியிலேயே பங்கும் தருவீர்கள். எங்களில் பலருக்குச் சிங்களம் கடைப் பேச்சளவுதான், உங்களில் பலருக்குத் தமிழ் அதுவும் இல்லை. ஆனாலும் யாருக்குச் சீனி போடக்கூடாது என்பது இரண்டாம் மாதத்திலேயே உங்கள் பெண்களுக்குத் தெரிந்திருந்தது.

இலங்கையில் அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்டிஸ்த சபைகளும் மற்றவர்களும் ஒரே திருச்சபையாக இணைய ஆண்டுக்கணக்கில் பேசினார்கள். 1970களின் தொடக்கத்தில் கைகூடும் நேரம் பார்த்து அது நீதிமன்ற வழக்கில் மாட்டி நின்றுபோனது. பழையவர்கள் இன்றும் பெருமூச்சோடு சொல்லும் கதை. அந்தத் திட்டம் திரும்ப வருமா வராதா என்பதைப் பேராயர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஒரே சமையலறைச் சாவியை இரண்டு சபைகள் வைத்துக்கொள்ள எந்த யாப்பும் தேவைப்படவில்லை.

கத்தோலிக்கப் பங்கு மக்களுக்கும் பாதருக்கும் நன்றி. ஓய்வுநாள் பள்ளிக்கு மண்டபம் தந்தீர்கள், வாடகையைப் பற்றி வாயே திறக்கவில்லை. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்தபின், இந்தப் பகுதியில் யார் எந்தச் சபை என்று பார்க்காமல் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போனோமே, அந்தப் பழக்கம் விட்டுப்போகவில்லை. ஜனவரி 18 முதல் 25 வரை வரும் கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரத்தில் பாதர் எங்களோடு வந்து செபித்தார். நற்கருணையை மட்டும் சேர்ந்து எடுக்கவில்லை. ஏன் என்று சில இளையவர்கள் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்: இன்னும் தீராத ஒன்றைத் தீர்ந்துவிட்டதாக நடிப்பதைவிட, அந்த இடத்தில் வருத்தத்தோடு நிற்பது மேல்.

பெந்தெகொஸ்தே சபைத் தம்பிமாருக்கு என்ன சொல்வது! வாரா வாரம் ஸ்பீக்கர் பெட்டிகளை ஓட்டோவில் ஏற்றி வந்து, மாட்டி, கழற்றிக் கொண்டுபோனீர்கள். நடுவில் எங்களுக்கு ஒரு குழந்தைத் திருமுழுக்கு வந்தது. குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுப்பதை நீங்கள் ஏற்பதில்லை. அன்றைக்கு வரமாட்டீர்கள் என்றுதான் நினைத்தோம். வழக்கமான நேரத்துக்கு முன்னமே வந்து நின்றீர்கள். "எங்களுக்கு இதில உடன்பாடு இல்ல அண்ணே. ஆனா மைக் இல்லாட்டி பின்னுக்கு இருக்கிற ஆக்களுக்குக் கேட்காதே" என்றார் உங்களில் ஒருவர். பிறகு குடும்பப் படத்திலும் இழுத்து நிறுத்தப்பட்டார், பாவம்.

எங்கள் சபையாருக்கும் ஒரு சொல். எங்கள் ஆலயத்தில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது: யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் முன்னுக்கு, கடைகளில் வேலைசெய்யும் மலையகத்துப் பிள்ளைகள் பின்னுக்கு. இரவல் ஆலயத்தில் யாருக்கும் சொந்த வாங்கு இல்லை, கிடைத்த இடத்தில் இருந்தோம். பாட்டுப் புத்தகப் பெட்டியை வாரா வாரம் தூக்கியது அந்தப் பிள்ளைகள்தான். திரும்பிவந்த முதல் ஞாயிறன்று பெரியவர்கள் சிலர் பழைய வாங்கைத் தேடிப் போனார்கள். அங்கே ஏற்கெனவே ஹட்டன் பிள்ளைகள் இருந்தார்கள். யாரும் எழுப்பவில்லை. இது நிலைக்குமா என்று பார்க்க வேண்டும்.

எதிர்த்த தேநீர்க்கடை முதலாளிக்கும் நன்றி. முஸ்லிம் சகோதரரான அவர், மேசன் பாஸ்மாரின் கணக்கைக் கடைசிவரை பொறுமையாகக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார்.

நன்றி ஆராதனை அடுத்த மாத முதல் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு. யாருடைய ஆராதனையோடும் மோதாது, விசாரித்துவிட்டோம். இராச்சாப்பாடும் உண்டு. அப்புறம், பெந்தெகொஸ்தே சபையின் வாடகை மண்டப ஒப்பந்தம் முடியப்போவதாகக் கேள்விப்பட்டோம். முதல் ஞாயிறு தவிர மற்ற ஞாயிறு மாலைகளில் எங்கள் மண்டபம் சும்மாதான் கிடக்கிறது. சபைக் கமிட்டி சம்மதித்துவிட்டது. டிரம்ஸ் சத்தத்தைப் பற்றிப் பக்கத்து வீட்டாரிடம் நாங்களே பேசிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சபையார் சார்பில்,
தமிழ்ச் சபைச் செயலாளர்
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13